நீரில் கரையும் வைட்டமின்கள்: டெல்டாச் சமையலறையிலிருந்து எழும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரத்தில் தட்டில் பாதிக்கு மேல் சோறுதான். அதனால் பி வகை வைட்டமின்களைப் பற்றிய கேள்விகளில் பெரும்பாதி அரிசியில் தொடங்கி, மீதிப்பாதி சர்க்கரை மாத்திரையில் வந்து நிற்கின்றன. பதில்களையும் அந்த வரிசையிலேயே தந்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகள், கர்ப்பிணிகள் என்றால் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

நீரில் கரையும் வைட்டமின்கள் எவை?

மொத்தம் 9. பி1 (தயமின்), பி2 (ரைபோஃபிளேவின்), பி3 (நியாசின்), பி5 (பான்டோதெனிக் அமிலம்), பி6 (பைரிடாக்சின்), பி7 (பயோட்டின்), பி9 (ஃபோலேட்), பி12 (கோபாலமின்), இவற்றோடு வைட்டமின் சி. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. அவை இந்தப் பக்கத்தில் வராது.

இவை உடம்பில் என்ன செய்கின்றன? சத்து மாத்திரை போட்டால் தெம்பு வரும் என்கிறார்களே?

வைட்டமினில் தெம்பு கிடையாது, அதாவது கலோரி கிடையாது. தெம்பு வருவது சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் பருப்பிலிருந்தும்தான். அவற்றை உடைத்து ஆற்றலாக்கும் நொதிகள் தனியாக வேலை செய்யாது. கூட ஒரு துணை மூலக்கூறு வேண்டும். பி வைட்டமின்கள் அந்தத் துணை மூலக்கூறுகளாக மாறுகின்றன. சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகி, குளுக்கோஸ் பைருவேட் என்ற இடைப்பொருள் ஆகும்வரை தயமின் தேவையில்லை. அதற்கடுத்த படிக்குத் தயமின் இல்லாவிட்டால் பைருவேட் தேங்கி லாக்டிக் அமிலமாக மாறும். குளுக்கோஸையே நம்பியிருக்கும் நரம்பும் மூளையும், ஓய்வே இல்லாத இதயமும்தான் முதலில் அடிவாங்கும். சோறு கூடக்கூடத் தயமின் தேவையும் கூடுவது இதனால்தான்.

பி9, பி12 இரண்டும் சேர்ந்து டிஎன்ஏ தயாரிக்க உதவுகின்றன. அதனால் வேகமாகப் பெருகும் செல்களில்தான் அவற்றின் குறை முதலில் தெரியும்: எலும்பு மஜ்ஜை, நாக்கு, குடல் சவ்வு, கருவில் வளரும் சிசு. வைட்டமின் சி கொலாஜன் என்ற இணைப்புப் புரதத்தை முறுக்கேற்றி நிறுத்துகிறது. அது தளர்ந்தால் ஈறு கசியும், ஆறிய புண்கூடப் பிரியும்.

குறை உள்ளவருக்கு மாத்திரை போட்டால் தெம்பு வருவது உண்மை. குறை இல்லாதவருக்கு வருவதெல்லாம் மஞ்சள் சிறுநீர்தான். அந்த நிறம் பி2-வுடையது.

நீரில் கரைவதால் உடம்பில் தங்காது, தினமும் சாப்பிட வேண்டும் என்பது சரியா?

பாதி சரி. ஒவ்வொன்றுக்கும் இருப்பு வேறு. தயமின் உடம்பு முழுவதிலும் 25 முதல் 30 மி.கி.தான், வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். வைட்டமின் சி இருப்பு சுமார் 1,500 மி.கி.; அடியோடு நிறுத்தினால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறை நோயின் அறிகுறி தொடங்கும். ஃபோலேட் மூன்று நான்கு மாதம் தாங்கும். பி12 மட்டும் கல்லீரலில் 2 முதல் 5 மி.கி. வரை இருக்கும்; தினத்தேவை அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால் வருடக்கணக்கில் ஓடும். புரட்டாசி முழுக்கச் சைவம், கார்த்திகையில் மாலை என்று இரண்டு மாதம் மீன் கறி தொடாதவருக்கு பி12 குறையாது. பத்து வருடமாகத் தொடாதவர் கதை வேறு.

புழுங்கல் அரிசி நல்லது என்கிறார்கள். உண்மையில் என்ன வித்தியாசம்?

நெல்லில் தயமின் இருப்பது பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தண்ணீர் அந்த வைட்டமின்களைக் கரைத்து அரிசியின் உள்பகுதிக்குக் கொண்டுபோகிறது. ஆவியில் மாவுச்சத்து பசையாகி, காய்ந்ததும் இறுகி அவற்றை உள்ளேயே பூட்டிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் ஒரு பங்கு தங்கிவிடும். பச்சரிசியில் தவிட்டோடு பெரும்பகுதி போய்விடும்.

எண்ணாகப் பார்த்தால் 100 கிராமில் தயமின், தீட்டாத அரிசியில் சுமார் 0.27 மி.கி., தீட்டிய புழுங்கலில் 0.17, தீட்டிய பச்சரிசியில் 0.05. நடவுக்கோ அறுப்புக்கோ போகிறவர் ஒரு நாளைக்கு 350 கிராம் அரிசி சாப்பிட்டால் புழுங்கலில் 0.6 மி.கி. கிடைக்கும், பச்சரிசியில் 0.2-கூடத் தேறாது. அவருக்குத் தேவை 1.8 முதல் 2.3 மி.கி. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 1.4. மிச்சம் பருப்பு, நிலக்கடலை, எள், பயறு, முட்டை, மீன் இவற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஒரு கைப்பிடி (30 கிராம்) நிலக்கடலை ஏறக்குறைய 0.2 மி.கி. தரும். ரசமும் ஊறுகாயும் மட்டும் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடும் வீட்டில் இந்தக் கணக்கு எப்படியும் உதைக்கும்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிபெரி என்ற தயமின் குறை நோய், தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோரத்தில் பரவலாக இருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு இல்லை. ஜாவாவில் 1890-களில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனதையும், தவிடு கொடுத்ததும் அவை எழுந்து நின்றதையும் பார்த்துத்தான் கிறிஸ்டியான் ஐக்மன் இந்த வழியைத் திறந்தார். 1929-ல் நோபல் பரிசு.

மாப்பிள்ளை சம்பா, கருப்புக்கவுனி, பூங்கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரகத்தைவிட எவ்வளவு தீட்டியிருக்கிறது என்பதே முக்கியம். பளபளவென்று தீட்டிய பாரம்பரிய ரகத்தைவிடக் கொஞ்சமாகத் தீட்டிய சாதாரணப் பொன்னிப் புழுங்கல் தயமினில் மேல். கடையில் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள்: லேசான பழுப்புக் கோடும், ஓரத்தில் முளை ஒட்டியிருப்பதும் தெரிந்தால் தவிடு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. கண்ணாடிபோல வெள்ளையாக மின்னினால் இல்லை. கொஞ்சமாகத் தீட்டிய அரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும், எண்ணெய்க் காறல் வரும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம்.

களையும்போதும் கஞ்சி வடிக்கும்போதும் எவ்வளவு போகிறது?

நிறைய. தேய்த்துத் தேய்த்து நான்கு தண்ணீர் களைந்தால் பச்சரிசியில் இருக்கும் கொஞ்சத் தயமினிலும் பெரும்பகுதி கழுநீரோடு மாட்டுத்தொட்டிக்குப் போகும். மாடு கொழுக்கும், அவ்வளவுதான். புழுங்கலில் இழப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கல், தூசி போக இரண்டு தண்ணீர், தேய்க்காமல், போதும். ஊறவைத்தால் ஊறிய தண்ணீரிலேயே உலை வையுங்கள்.

வடிப்பதில் இரண்டாவது இழப்பு. குக்கரில் அளவான தண்ணீர் வைத்துச் சமைத்தால் கரைந்தது சோற்றிலேயே திரும்ப ஏறிவிடும். வடித்த சோறுதான் வேண்டும் என்றால் வடிகஞ்சியில் உப்பும் மோரும் விட்டுக் குடிக்கலாம், ரசத்துக்கும் விளாவலாம். சர்க்கரை உள்ளவர்கள் கஞ்சியை வடித்துவிட்டால் நல்லது என்று வடிக்கிறார்கள். அதில் குறையும் மாவுச்சத்து சொற்பம், போகும் வைட்டமின் அதிகம். சோற்றின் அளவைக் குறைப்பதே அவர்களுக்கு வழி.

இட்லியில் இந்த வம்பே இல்லை. ஊறிய தண்ணீரை ஊற்றியே ஆட்டினால் எதுவும் வெளியே போகாது, ஆவியில் வேகிறது, புளிப்பில் பி2-வும் ஃபோலேட்டும் கொஞ்சம் ஏறவும் செய்யும்.

சுண்டலில் சோடா போட்டால் என்ன கெட்டது?

சமையல் சோடா காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை கொண்டது. காரத்தில் தயமின் நிற்காது. சூடும் சேர்ந்தால் மடமடவென்று சிதையும். வைட்டமின் சி-க்கும் அதே கதி. கொண்டைக்கடலை வேகவில்லை என்றால் 10 மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் வைப்பது போதும். கீரை பச்சையாக இருக்க வேண்டும் என்று சோடா போடும் வழக்கத்துக்கும் இதே பதில். நிறம் மட்டும்தான் மிஞ்சும்.

ரேஷன் அரிசியில் சில அரிசி மஞ்சளாக மிதக்கிறது. பிளாஸ்டிக்கா?

இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து அரிசி வடிவில் பிழிந்து காயவைத்த மணிகள் அவை. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பார்கள். கலந்த அரிசி ஒரு கிலோவில் இரும்பு 28 முதல் 42.5 மி.கி., ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும், சில மிதக்கும். பொறுக்கி எறிந்தால் கலந்ததன் பலன் அதோடு போயிற்று. அதே சமயம் கணக்கையும் பாருங்கள்: நாளைக்கு 300 கிராம் சாப்பிட்டாலும் பி12 கால் மைக்ரோகிராம் சுற்றித்தான் கிடைக்கும். உதவி, தீர்வாகாது. தலசீமியா போன்ற ரத்த நோய் இருப்பவர்கள் இந்த அரிசியைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. அங்கே கவலை இரும்பைப் பற்றியது.

பழைய சோற்றில் பி12 இருக்கிறது என்று பகிர்கிறார்களே?

பழைய சோறு நல்ல உணவு. ஊறிய நீராகாரத்தைக் கீழே கொட்டாமல் குடிப்பதால் கரைந்த பி வைட்டமின்கள் வீணாகாது, நொதிப்பில் சில கூடவும் செய்யும், வயிற்றுக்கும் இதம். ஆனால் பி12-க்கு அதை நம்ப முடியாது. அரிசியில் பி12 கிடையாது. நொதிக்க வைக்கும் கிருமிகள் நம்பும்படியான அளவில் உண்டாக்குவதும் இல்லை. சுருள்பாசி மாத்திரையும் அப்படியே. அதில் இருப்பது பெரும்பாலும் பி12 மாதிரியே தோன்றி உடம்பில் வேலை செய்யாத போலி.

தயமின் குறைந்தால் எப்படித் தெரியும்?

தொடக்கத்தில் பசியின்மை, எரிச்சல், கெண்டைக்கால் வலி, உள்ளங்கால் எரிச்சல். பிறகு இரண்டு பாதை. நரம்பில் இறங்கினால் கால் மரத்து, குத்தவைத்து உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியாது. இது உலர் பெரிபெரி. இதயத்தில் இறங்கினால் கால் வீக்கம், படபடப்பு, மூச்சிரைப்பு. இது ஈர பெரிபெரி.

இன்று இங்கே தயமின் குறைக்கு ஆளாகிறவர்கள் பெரும்பாலும் தினமும் குடிப்பவர்கள். குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதிலும் தயமினைக் குடல் ஏற்பது குறைகிறது, கல்லீரல் இருப்பு வைப்பதும் குறைகிறது. அவர் திடீரென்று தடுமாறி நடந்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், பேச்சில் குழப்பம் இருந்தால் அது போதை என்று விட்டுவிடக் கூடாது. வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பாக இருக்கலாம். சில மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டிய விஷயம். அவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் கரைந்து நிலைமை மோசமாகலாம். தயமின் ஊசி முன்னதாகவோ கூடவேயோ போட வேண்டும். அதனால் குடிப்பழக்கம் உண்டு என்பதை வெட்கப்படாமல் முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மசக்கையில் வாரக்கணக்காக எதுவும் தங்காமல் வாந்தி எடுக்கும் பெண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு. இதய நோய்க்கு நீர் பிரியும் மாத்திரை நீண்ட நாள் சாப்பிடுபவருக்கும் தயமின் சிறுநீரில் கூடுதலாகப் போகும். நாள் முழுக்க வெற்றிலை பாக்கு மெல்பவர்களும் கவனிக்க வேண்டும்: பாக்கின் துவர்ப்புப் பொருள் தயமினைச் செயலிழக்கச் செய்யும். கும்பகோணம் வெற்றிலையைக் குறை சொல்லவில்லை. பாக்கு வாய்ப் புற்றுக்கும் காரணம் என்பதால் அதை விட இரண்டு காரணம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைப்பதில் ஏதாவது பிரச்சினை உண்டா?

சுக்கு, மிளகு, பூண்டு, கருவாட்டுக் குழம்பு என்று போகும் பத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைக்கு மந்தம், சீதளம் என்று பருப்பு, கீரை, பழம், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, பச்சரிசிச் சோறும் மிளகு ரசமுமாக 40 நாள் ஓட்டும் பத்தியம்தான் சிக்கல். தாய்ப்பாலில் தயமின் தாயின் சாப்பாட்டைப் பொறுத்தது. தாயிடம் குறைந்தால் ஒன்றிலிருந்து நான்கு மாதக் குழந்தை திடீரென்று பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, குரல் கம்மி, சத்தமே வராமல் அழும், மூச்சு வாங்கும். இது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும், தயமின் ஊசியில் சில மணி நேரத்தில் மீட்கவும் முடியும். இதற்காக வீட்டுப் பாட்டியிடம் சண்டை போட வேண்டியதில்லை. பாசிப்பருப்பும், முருங்கைக்கீரையும், அசைவ வீடென்றால் பால்சுறாப் புட்டும் பத்தியத்துக்குள்ளேயே அடங்கும்.

கடைவாயில் புண், நாக்கு எரிச்சல். எந்த வைட்டமின்?

பி2 என்று எல்லோரும் சொல்வார்கள். உதட்டோரம் வெடிப்பு, நாக்கு சிவந்து கருஞ்சிவப்பாவது, மூக்கோரம் எண்ணெய்ச் செதில் மூன்றும் சேர்ந்தால் பி2 சந்தேகம் வலுக்கும். ஆனால் பி3, பி6, பி9, பி12, இரும்பு எது குறைந்தாலும் வாயில்தான் முதலில் தெரியும். பொருந்தாத பல்செட்டும் பூஞ்சையும்கூட அதே இடத்தில் வெடிப்பு உண்டாக்கும். பி காம்ப்ளெக்ஸ் இரண்டு வாரம் போட்டும் ஆறாவிட்டால் ரத்தம் பார்க்க வேண்டும். பி2 வெளிச்சத்தில் கெடும். பாலை வெயில் படும் இடத்தில் கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்காதீர்கள்.

பி12 ஏன் இவ்வளவு பேருக்குக் குறைகிறது?

வருவதும் குறைவு, ஏறுவதும் கடினம்.

வரத்து: பி12 செடியில் கிடையாது. பால், முட்டை, மீன், கறி மட்டும்தான். தினத்தேவை 2.2 முதல் 2.5 மைக்ரோகிராம். சைவ வீட்டில் காலை மாலை காப்பிக்கு மொத்தம் 200 மில்லி பால், மதியம் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் என்றால் ஏறக்குறைய 1.3 முதல் 1.5 வரை. அதிலும் பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சினால் கொஞ்சம் போகும். தயிரை நீர்மோராக்கி நாலு பேருக்குப் பகிர்ந்தால் ஒருவர் பங்குக்கு ஒன்றும் நிற்காது. தினம் 500 மில்லி அளவுக்குப் பாலும் தயிரும் சேர்ந்தால்தான் சைவர் கரையேறுவார். முட்டை ஒன்று சுமார் அரை மைக்ரோகிராம். மத்தி, அயிலை போன்ற நாகப்பட்டினக் கரை மீன்கள் 100 கிராமிலேயே தேவைக்கு மேல் தரும். ஆட்டு ஈரல் அதைவிடப் பல மடங்கு.

ஏற்றம்: உணவிலிருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். வயிற்று அமிலம் அதைப் பிரிக்க வேண்டும். பிறகு வயிற்றுச் சுவர் சுரக்கும் உள்காரணி என்ற புரதம் அதைப் பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோக வேண்டும். அங்கேதான் அதற்கு வாசல். ஒரு வேளைக்கு அந்த வாசல் வழியாக 1.5 முதல் 2 மைக்ரோகிராம்தான் நுழையும். ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ கறி சாப்பிட்டு மற்ற ஆறு நாள் ஒன்றும் இல்லை என்பதைவிட, வாரத்தில் நான்கு நாள் இரண்டு துண்டு மீன் மேல் என்று சொல்வது இதனால்தான்.

இந்தப் பாதையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் குறை வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குக் குடல் ஏற்பது குறைகிறது. கேஸ் மாத்திரை என்று பான்டோபிரசோல், ஓமிப்ரசோல் தினமும் வெறும் வயிற்றில் போடுபவர்களுக்கு அமிலம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போடும் 60 வயதுச் சைவரை நினைத்துப் பாருங்கள். டெல்டாவில் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். வருடம் ஒரு முறை பி12 பாருங்கள். கேஸ் மாத்திரை இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல பேருக்கு யாரும் நிறுத்தச் சொல்லாததால்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

பி12 குறைந்தால் என்ன ஆகும்?

ரத்தத்தில்: சிவப்பணுக்கள் பெரிதாகி எண்ணிக்கை குறையும். ரத்த ரிப்போர்ட்டில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 100-க்கு மேல் போகும். இரும்புச்சத்தும் சேர்ந்து குறைந்தால் (பெண்களுக்கு இது சகஜம்) ஒன்று பெரிதாக்க, மற்றது சிறிதாக்க, எம்சிவி இயல்பாகவே காட்டி ஏமாற்றும்.

நரம்பில்: இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மரமரப்பு, கண்ணை மூடினால் தள்ளாட்டம், இருட்டில் வரப்பில் நடக்க முடியாமை, மறதி, காரணமில்லாத சோர்வு. ரத்தசோகை கொஞ்சமும் இல்லாமலேயே நரம்பு கெடலாம். சர்க்கரை உள்ளவர் கால் மரத்தால் "சர்க்கரையால்தான்" என்று மூடிவிடுவது பெரிய தவறு. பாதிக் காரணம் பி12 என்றால் அந்தப் பாதியைச் சரிசெய்ய முடியும். நாளாகிவிட்டால் தண்டுவடப் பாதிப்பு திரும்பாது.

தோலில்: விரல் கணுக்களும் நகத்தடியும் கருப்பது. நாக்கு வழவழவென்று மொட்டையாவது.

கைக்குழந்தைகள்: பி12 குறைந்த சைவத் தாயின் பால் மட்டும் குடித்து வளரும் குழந்தை, ஆறு மாதத்துக்குப் பிறகு சிரிப்பது குறைந்து, நின்ற தலை திரும்பச் சாய்ந்து, தோல் கருத்து, கைகால் நடுங்கத் தொடங்கினால் அன்றே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். பார்க்கக் கொழுகொழுவென்று இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

பி12-க்கு ஊசியா, மாத்திரையா?

முதலில் ரத்தம் எடுங்கள், பிறகு ஊசி. ஊசி போட்ட மறுவாரம் ரத்தம் பார்த்தால் எண் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும், எதுவும் புரியாது. ஒரு மில்லியில் 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறை. 200 முதல் 300 வரை சந்தேகப் பகுதி, அங்கே அறிகுறியை வைத்து முடிவு செய்வார்கள்.

நரம்பு அறிகுறி இருந்தால் ஊசியில் தொடங்குவதே வழக்கம். மற்றபடி தினம் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையும் வேலை செய்யும். உள்காரணி இல்லாதவருக்கும் அதில் சுமார் 1 சதவீதம் வேறு வழியில் கசிந்து உள்ளே போகும். 10 மைக்ரோகிராம், தேவையைப்போல் நாலு மடங்கு. ரத்தம் இரண்டு மாதத்தில் சீராகும். நரம்புக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். முதல் சில வாரம் எரிச்சல் கூடினாலும் பயப்பட வேண்டாம்.

கால் மரத்துப்போகிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் காப்ஸ்யூலின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினோடு பிரிகாபலின் என்ற நரம்புவலி மருந்தும் சேர்ந்திருக்கும். அது எரிச்சலை அமுக்கும், தூக்கமும் தலைச்சுற்றலும் தரும்; வயதானவர் கழிவறையில் விழுவதற்கு அது போதும். மாதம் ஒரு முறை "சத்து ஊசி" போட்டுக்கொள்ளும் பழக்கமும் அப்படித்தான்: என்ன ஊசி, எதற்கு என்று கேட்காமல் கையை நீட்டுவது நிற்க வேண்டும்.

ஃபோலிக் அமில மாத்திரையை எப்போது தொடங்க வேண்டும்?

கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் ஒரு பங்கு பலன் தவறிவிடும். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போவது தெரிவதே அதற்குள்தான். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்பே, தினம் 400 மைக்ரோகிராம். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்திருந்தால் பத்து மடங்கு அளவு தேவைப்படும். அது மருத்துவர் எழுதிக்கொடுப்பது. நாலாம் மாதத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். பேறுகாலம்வரை 180 நாள், பெற்ற பிறகும் 180 நாள்.

ஒரு எச்சரிக்கை. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் அதிகமாகக் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், ரிப்போர்ட் நன்றாக இருக்கும், உள்ளே நரம்பு தொடர்ந்து கெடும். வயதான சைவருக்கு ரத்தசோகை என்றால் இரண்டையும் பார்த்த பிறகே மாத்திரை.

பம்பாயில் நெசவாலைப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்ந்து இந்த வைட்டமினுக்கு வழிகாட்டியவர் லூசி வில்ஸ், 1931-ல் எழுதினார். பிறகு அமெரிக்காவில் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்த குழுவை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வைட்டமின் சி-க்கு எலுமிச்சையும் புளியும் போதாதா?

புளிப்புக்கும் வைட்டமின் சி-க்கும் சம்பந்தமில்லை. புளியில் கிட்டத்தட்ட இல்லை, தயிரில் இல்லை, வெயிலில் காய்ந்த ஊறுகாயில் சொற்பம். எலுமிச்சையில் சுமாராக உண்டு: ஒரு பழத்தின் சாறு 15 மி.கி. சுற்றி. நெல்லிக்காயும் கொய்யாவும் 100 கிராமில் 200-க்கு மேல். பச்சை அகத்தி, முருங்கைக்கீரைகளில் 100-ஐ ஒட்டி. தினத்தேவை ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65, பால் கொடுப்பவருக்கு 115. ஆக, அரைக் கொய்யா போதும். கடையில் விலை கூடிய ஆரஞ்சு தேடிப் போக வேண்டியதில்லை.

ஏகாதசி விரதம் முடித்துத் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைக்கிறார்களே, அந்த இலை வைட்டமின் சி கணக்கில் முழு மதிப்பெண் வாங்கும். ஆனால் கீரையை நறுக்கிவிட்டுக் கழுவினால், திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் வேகவிட்டால், ராத்திரிக்கு மறுபடி சூடு பண்ணினால் பாதிக்கு மேல் போய்விடும். ஆய்ந்து, கழுவி, பிறகு நறுக்கி, கொஞ்சத் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம். ஈயம் பூசாத செம்பு, பித்தளை வேண்டாம்; செம்பு பட்டால் வைட்டமின் சி வேகமாக அழியும். ரசத்தில் எலுமிச்சை பிழிவதானால் இறக்கி வைத்த பிறகு.

இதே வைட்டமின்தான் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு ஏற்க உதவுகிறது; சாப்பாட்டோடு சேர்ந்து போனால்தான் அந்த உதவி. சாப்பிட்டு இலையை மடித்ததும் டிகிரி காப்பி குடிப்பது அதற்கு நேர் எதிர். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரையையும் காப்பியோடு விழுங்க வேண்டாம்.

500, 1,000 மி.கி. சப்பி மாத்திரை சளியைத் தடுக்காது. தினமும் போடுபவருக்குச் சளி அரை நாள் முன்னதாக விடலாம். ஒரே வேளையில் 200 மி.கி.க்கு மேல் போனால் ஏற்பது குறையும். மிச்சத்தில் ஒரு பகுதி ஆக்சலேட்டாகிச் சிறுநீரில் இறங்கும். ஏற்கெனவே சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

காசநோய் மாத்திரையோடு ஏன் பி6 தருகிறார்கள்?

ஐசோனியாசிட் என்ற மருந்து பி6-ஐச் செயலிழக்கச் செய்து சிறுநீரில் வெளியேற்றும். பி6 இல்லாவிட்டால் கைகால் மரத்துப்போகும். "சின்ன மாத்திரைதானே" என்று அதை விட்டுவிட்டுப் பெரிய மாத்திரைகளை மட்டும் சாப்பிடாதீர்கள். மறுபக்கம், பி6-ஐ நாளுக்கு 100 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நீரில் கரைவது எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது.

பி3, பி5 பற்றி?

பி5 குறை தனியாக வருவது அபூர்வம். பி3 குறையால் வரும் பெலாக்ரா, சோளத்தையே உணவாகக் கொண்ட தக்காணத்தில்தான் அதிகம் பேசப்பட்டது. நெல் நாட்டில் குடிநோயாளிகளிடமும், சில சமயம் ஐசோனியாசிட் சாப்பிடுபவரிடமும் பார்க்கலாம். வெயில் படும் கழுத்து, புறங்கை, பாதத்தில் எல்லைக்கோடு போட்டதுபோல் தோல் கருத்து உரியும். பேதி, பிறகு மனக்குழப்பம்.

முடி கொட்டுவதற்குப் பயோட்டின் சாப்பிடலாமா?

தேவை நாளைக்கு 40 மைக்ரோகிராம்; கடையில் விற்பது 5,000, 10,000. குறை இருப்பவருக்கு மட்டுமே பலன், குறையோ மிக அரிது. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை மாதக்கணக்கில் குடித்தால் வரும். வேகவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. முடி கொட்டும் பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுவது), தைராய்டு. அந்தத் தைராய்டுப் பரிசோதனையையே பயோட்டின் மாத்திரை குழப்பும்: இல்லாத நோயைக் காட்டும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் சோதனையில் இருக்கும் நோயை மறைக்கவும் செய்யும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.